சந்தை யாருக்குச் சொந்தம்?

வெங்காயத்தின் விலை ஏறினால் வாங்குபவரின் கண் கலங்கும். இறங்கினால் விளைவித்தவரின் கண் கலங்கும். இரண்டு காலத்திலும் கலங்காத கண் ஒன்று உண்டு. அது இருவருக்கும் நடுவே தராசைப் பிடித்து நிற்பவரின் கண். இவ்வுண்மையை வலிகாமத்துத் தோட்டக்காரருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் இதே உண்மை, ஒரு நூற்றாண்டுக்கும் முன்னர், ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்குக் கரையிலுள்ள சியாட்டில் நகரின் நகரசபையை அசைத்தது என்பதையும், அதன் பயனாகத் தோன்றிய கமக்காரர் சந்தை இன்றுவரை கலையாமல் நடந்து வருகின்றது என்பதையும் நம் வாசகருட் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். பைக் பிளேஸ் என்பது அச்சந்தையின் பெயர்.

கடல் கடந்த ஊரொன்றின் சந்தைக் கதைக்கு இப்பத்தியில் இடமேன் என்று சிலர் வினவலாம். இப்பத்திரிகையைக் கையில் எடுப்போருள் மண்வெட்டி பிடிப்போரும் உளர். பேனா பிடிப்போரும் உளர். முன்னவர் விற்பவர், பின்னவர் வாங்குபவர். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுமிடம் சந்தையன்றி வேறில்லை. அந்த இடம் எவ்வாறு உண்டாகின்றது, எவ்வாறு பறிபோகின்றது என்பது இருவருக்கும் உரிய விடயமே.

சியாட்டிலில் 1906ஆம் ஆண்டு இறாத்தல் பத்துச் சதத்துக்கு விற்ற வெங்காயம் அடுத்த ஆண்டு ஒரு டொலரைத் தொட்டது. பத்து மடங்கு ஏற்றம்! இந்த ஏற்றம் தோட்டக்காரரின் மடியைச் சென்றடைந்திருந்தால் நகரத்தார் ஓரளவு ஆறுதல் கொண்டிருப்பர். அங்ஙனம் நிகழவில்லை. நகரைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளில் விளைந்த காய்கறியெல்லாம் வெஸ்டேர்ன் வீதியில் வரிசையாக இருந்த தரகு மண்டிகளுக்கே சென்றது. கமக்காரர் சரக்கை ஒப்படைத்துவிட்டுத் திரும்பவேண்டும். விற்ற பின்னர்தான் கணக்கு. என்ன விலைக்கு விற்றது, எவ்வளவு அழுகிற்று, எவ்வளவு தரகுக்குப் போயிற்று என்பதையெல்லாம் மண்டிக்காரரே சொல்வார். அவர் சொல்வதே கணக்கு. நம்மூர்ச் சந்தைகளில் ‘கழிவு’ என்னும் சொல்லைக் கேட்டுப் பழகிய செவிகளுக்கு இம்முறை புதுமையாகத் தோன்றாது. பாடுபட்டு ஏற்றிய சரக்குக்குக் கைக்கு ஒன்றும் வராமல் வீடு திரும்பியோரும் இருந்தனர்.

இந்நிலையில் தோமஸ் ரெவெல் என்னும் நகரசபை அங்கத்தவர் ஒரு பழைய கட்டளைச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்தார். நகரசபை தனக்குரிய இடமொன்றைப் பொதுச் சந்தையாகப் பிரகடனஞ் செய்யலாம் என 1896ஆம் ஆண்டிலேயே அச்சட்டம் இடமளித்திருந்தது. பதினொரு ஆண்டுகளாக அது ஏட்டில் உறங்கிக் கிடந்தது. கமக்காரர் தம் வண்டிகளைக் கொணர்ந்து நிறுத்தி, நடுவர் எவருமின்றித் தாமே விற்பதற்கு, எலியட் விரிகுடாவின் மேலே சரிவில் பலகை பாவி அமைக்கப்பட்டிருந்த பைக் பிளேஸ் என்னும் புதிய வீதியை ஒதுக்கவேண்டும் என்பது அவருடைய பிரேரணை. 1907 ஓகஸ்ட் 5ஆம் திகதி அது நிறைவேறிற்று. நகரின் நாளேடுகளுள் ஒன்றான சியாட்டில் டைம்ஸ் இதற்குப் பக்கபலமாக நின்றது.

ஓகஸ்ட் 17ஆம் திகதி, சனிக்கிழமை, சந்தை திறக்கப்பட்டது. வந்து நின்ற கமக்காரர் ஏறக்குறையப் பத்துப் பேரே. இக்குறைவுக்கு அந்நாளேடு காரணங்களைக் கூறிற்று. தரகர்கள் முன்கூட்டியே பள்ளத்தாக்குகளுக்குச் சென்று விளைவையெல்லாம் வாங்கி முடித்துவிட்டனர் என்றும், தோட்டக்காரரை மிரட்டினர் என்றும் அது எழுதிற்று. இன்னொரு காரணமும் அது சொல்லிற்று. நம் மனத்தில் தைப்பது அதுவே. இச்சந்தை நிலைக்காது போனால் நாளை மீண்டும் அதே மண்டிகளின் வாயிலில்தானே போய் நிற்கவேண்டும், அப்போது நம் சரக்கை ஏறெடுத்தும் பாரார்களே என்னும் அச்சம் அது. அடிமைப்பட்ட கமக்காரரின் அச்சம் எந்நாட்டிலும் இவ்வகையினதே. ஆயினும் வந்தவர்கள் ஏமாறவில்லை. கூடைகளை ஏந்திய நகரத்தார் வண்டிகளை மொய்த்தனர். நண்பகலுக்கு முன்னரே சரக்கு முழுதும் விற்றுத் தீர்ந்தது. வாங்க வந்தோர் பலர் வெறுங் கூடையுடன் வீடு திரும்பினர்.

அதன் பின் சந்தை வளர்ந்த வேகம் பெரிது. கிளொண்டைக் பொன்வேட்டையிற் பணமீட்டித் திரும்பிய பிராங்க் குட்வின் என்பவர் பக்கத்து நிலத்தில் முதற் கட்டடத்தை எழுப்பி, அதே ஆண்டு நவம்பர் 30ஆம் திகதி திறந்தார். மழை ஓயாத அந்நகரில் கூரை என்பது சிறு விடயமன்று. சில ஆண்டுகளில் வீதியோரத்து மேசைகளுக்கும் கூரை வந்தது. நனையாத அவ்வரிசைக்கு ‘உலர்ந்த வரிசை’ என்றே பெயர் வழங்கிற்று. ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பொதுச் சந்தை எனப் பெயர் பெற்றதன் வீதி பொதுமக்களுடையது, கட்டடங்களோ தனியாருடையவை. இந்த இரட்டை நிலைமை பின்னர் ஒருநாள் சந்தையின் கழுத்திற் கயிறாக விழவிருந்தது.

இனி, இச்சந்தையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1907ஆம் ஆண்டின் வெங்காயத்திலிருந்து 1971ஆம் ஆண்டின் வாக்கெடுப்புக்கு ஒரே பாய்ச்சலிற் செல்வது வழக்கம். மக்கள் இருமுறை வென்றார்கள் என்று அக்கதை இனிமையாக முடியும். நடுவில் நிகழ்ந்தது இரண்டொரு வாக்கியங்களில் அடங்கிவிடும். எம் கருத்தில், நடுவில் நிகழ்ந்ததே இச்சந்தையின் வரலாறு.

மேசைகளுக்குப் பின்னால் நின்ற கமக்காரர் யாவர்? இத்தாலியர் இருந்தனர். அவர்களுள் ஒருவராகச் சரக்கு விற்கத் தொடங்கிய யோ டெசிமோனே 1941ஆம் ஆண்டில் சந்தைக் கம்பனிக்கே தலைவரானார். ஆனால் தொகையில் மிகுந்தவர்கள் யப்பானியர். போருக்கு முன்னர் அங்கு விற்ற கமக்காரருள் ஐந்தில் நான்கு பங்கினர் யப்பானிய வமிசத்தினராக இருந்திருக்கலாம் என்பது அந்நகர வரலாற்றாசிரியர் ஒருவரின் மதிப்பீடு. வெள்ளை நதிப் பள்ளத்தாக்கிலும், பெல்வியூவிலும், பெய்ன்பிரிட்ஜ் தீவிலும் மரக்கட்டைகளைப் பிடுங்கி, சதுப்பை வடித்து, நிலத்தைப் பண்படுத்தியவர்கள் அவர்கள். சியாட்டில் நகரத்தார் உண்ட கீரையும் கிழங்கும் செம்புற்றுப்பழமும் பெரும்பாலும் அவர்களுடைய கைவிளைவு.

அவர்கள் பண்படுத்திய நிலம் அவர்களுடையதாக இருந்ததா? இல்லை. யப்பானில் பிறந்து குடியேறிய ஒருவர் அமெரிக்கப் பிரசையாதல் அக்காலச் சட்டப்படி இயலாது. 1922ஆம் ஆண்டில் அந்நாட்டின் உயர் நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. பிரசையாக இயலாதவர் நிலத்தை வாங்குதல் மட்டுமன்றிக் குத்தகைக்கு எடுத்தலும் ஆகாது என வாஷிங்டன் மாநிலம் 1921ஆம் ஆண்டில் சட்டமியற்றியது. அந்நாட்டிலே பிறந்ததனாற் பிரசைகளாகிய தம் பிள்ளைகளின் பெயரில் பெற்றோர் நிலத்தை எழுதி வைத்தனர். 1923ஆம் ஆண்டில் அவ்வழியையும் அடைக்கத் திருத்தம் வந்தது. முதலிற் பிரசாவுரிமைக்குத் தகுதியற்றவர் என்பது; பின்னர் பிரசையல்லாதவருக்கு நிலமில்லை என்பது. ஒரு கதவைப் பூட்டிவிட்டு அந்தக் கதவு வழியாக நீ வரவில்லையே என்று குற்றஞ்சாட்டும் இந்தச் சட்டத் தந்திரத்தின் நுட்பத்தை எம் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. சட்டங்கள் இவ்வாறிருந்தும், நண்பர் பெயரிலும் அறிந்தவர் பெயரிலும் குத்தகை பிடித்து அவர்கள் பயிரிட்டனர், அதிகாலையில் சந்தைக்கு வந்தனர், வாங்குவோரும் வாங்கினர்.

1942 பெப்ரவரி 19ஆம் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066ஆம் இலக்கக் கட்டளையிற் கையொப்பமிட்டார். மேற்குக் கரையிலிருந்து யப்பானிய வமிசத்தினர் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். ஏறக்குறைய 120,000 பேர். அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலே பிறந்த பிரசைகள். கையிற் சுமக்கக்கூடியதை மட்டும் எடுத்துச் செல்லலாம் என்பது உத்தரவு. மார்ச் 30ஆம் திகதி பெய்ன்பிரிட்ஜ் தீவினர் முதலாவதாகக் கப்பலேற்றப்பட்டனர். அப்போது வசந்தகாலம், வயலிற் பயிர் நின்றது. வெளியேறும் நாள்வரை பயிரைப் பராமரிக்க வேண்டும், பயிரை அழிப்பது நாசவேலையாகக் கருதப்படும் என்று அவர்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது! அறுவடையைக் காணப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே களை பிடுங்கிய அந்தக் கைகளை எண்ணிப் பார்க்கவேண்டும்.

சியாட்டிலைச் சேர்ந்தோர் புயாலப் என்னும் ஊரில் ஆண்டுதோறும் விவசாயக் கண்காட்சி நடைபெறும் திடலில் அடைக்கப்பட்டனர். அம்முகாமுக்கு ‘இணக்கம்’ என்னும் பொருள்படப் பெயரிட்டிருந்தனர். அங்கிருந்து ஐடஹோ மாநிலத்தின் வறண்ட வெளியிலுள்ள மினிடோக்கா முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். கமக்காரர் எங்கே போனாலும் கமக்காரரே. அந்தப் புதர்க் காட்டையும் அவர்கள் வெட்டித் திருத்தி நீர் பாய்ச்சி விளைவித்தனர். போர் முடிந்த பின் அந்நிலம் கூறு போடப்பட்டு, போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்குத் திருவுளச்சீட்டு மூலம் வழங்கப்பட்டது. திருத்தியவருக்கு அதில் இடமிருக்கவில்லை.

பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நாம் இங்கு ஒன்றைச் சொல்லாது செல்ல முடியாது. மேற்குக் கரையில் எத்தனையோ பெரும் நாளேடுகள் இருந்தன. இவ்வெளியேற்றம் தவறு என்று ஆசிரியத் தலையங்கத்தில் எழுதி, அந்நிலையினின்று வழுவாது நின்றவை மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று பெய்ன்பிரிட்ஜ் தீவில் வோல்ட் வூட்வேட், மில்லி வூட்வேட் என்னும் தம்பதியர் நடத்திய ஒரு சிறு வாரப் பத்திரிகை. முகாமுக்குச் சென்ற தம் அயலவரைக் கொண்டே அங்குள்ள பிறப்பு, இறப்பு, திருமணச் செய்திகளை எழுதுவித்து அவர்கள் வெளியிட்டு வந்தனர். திரும்பி வரும்போது அவர்கள் அந்நியராக இருத்தலாகாது என்பது அவர்களுடைய எண்ணம்.

திரும்பியோர் எத்தனை பேர் மீண்டும் சந்தை மேசைக்கு வர இயன்றது? 1939ஆம் ஆண்டில் ஐந்நூறுக்கு மேற்பட்ட கமக்காரர் அங்கு விற்க அனுமதி பெற்றிருந்தனர். பத்தாண்டு கழித்து அத்தொகை ஏறக்குறைய ஐம்பது. இவ்வீழ்ச்சிக்கு முழுப் பொறுப்பையும் 1942ஆம் ஆண்டின் தலையிற் சுமத்துவது நேர்மையாகாது. மோட்டார் வாகனமும், குளிர்சாதனமும், நகர்ப்புறத்துப் பேரங்காடிகளும் தத்தம் பங்கைச் செய்தன. வெள்ளை நதியின் உடன்பிறப்பாகிய பச்சை நதிக்கு 1962ஆம் ஆண்டில் ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. வெள்ளத்தினின்று வயலைக் காக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட அணை, வயலைத் தொழிற்சாலைக்கும் பண்டகசாலைக்கும் ஏற்ற உலர்ந்த காணியாக்கி விட்டது. மிக வளமான மண்ணின் மேல் சீமெந்து படர்ந்தது. இவையெல்லாம் உண்மையே. ஆனால் மண்ணை விட்டு அகலாத ஒரு கமக்காரர் கூட்டத்தை ஒரே வசந்தகாலத்தில் வேரோடு பிடுங்கிய பின்னரே இவை வந்தன என்பதும் உண்மை. காணியை விடமாட்டேன் என்று நிற்கக்கூடியவர் நிற்காத இடத்தில் காணி விரைவாகக் கைமாறும்.

கமக்காரர் குறைந்த சந்தை பாழடைந்தது. பாழடைந்ததைக் காட்டி இதனை இடித்தால் என்ன என்று கேட்போர் தோன்றினர். 1963ஆம் ஆண்டில் ஒரு திட்டம் வெளிவந்தது. சந்தையை அகற்றிவிட்டு அவ்விடத்தில் ஹோட்டல், அடுக்குமாடி வீடு, நான்கு காரியாலயக் கட்டடங்கள், ஹொக்கி விளையாட்டரங்கு, வாகனத் தரிப்பிடம் ஆகியவற்றை எழுப்புவதே அத்திட்டம். மேயரும் நகரசபையினர் பலரும், காணிச் சொந்தக்காரர் சிலரும் இதன் பக்கம். முன்னர் நாம் குறிப்பிட்ட கயிறு இறுகத் தொடங்கியது.

இதனை எதிர்த்து நின்றவர் விக்டர் ஸ்டெயின்புரூக் என்னும் கட்டடக் கலைஞர். வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர். சியாட்டில் என்றதும் இன்று படங்களில் நாம் காணும் ஊசிக் கோபுரத்தின் வடிவமைப்பிற் பங்கு கொண்டவரும் இவரே. வானளாவும் கோபுரத்தை வரைந்த கை, கீரைக் கடையைக் காக்க மனு எழுதிற்று என்பதில் எமக்கு ஒரு மகிழ்ச்சி. 1964ஆம் ஆண்டில் ‘சந்தையின் நண்பர்கள்’ என்னும் சங்கத்தை அவரும் பிறரும் நிறுவினர். சந்தைக்குள் நடந்து நடந்து அங்குள்ள முகங்களையும் மேசைகளையும் கோட்டோவியமாக வரைந்து நூலாக்கினார். ஏழாண்டு போராட்டத்தின் பின் மக்கள் கையெழுத்திட்ட முன்மொழிவொன்று வாக்கெடுப்புக்கு வந்தது. 1971 நவம்பர் 2ஆம் திகதி நகர மக்கள் தம் சந்தையைக் காக்கப் பெரும்பான்மையாக வாக்களித்தனர். ஏழு ஏக்கர் நிலம் வரலாற்றுப் பாதுகாப்புப் பகுதியாயிற்று. 1973ஆம் ஆண்டில் அதனை நிருவகிக்கப் பொது அதிகாரசபையொன்று அமைந்தது. கட்டடங்கள் படிப்படியாகப் பொதுவுடைமையாயின. படித்த வகுப்பார் தம் படிப்பை மனுவாகவும், படமாகவும், வாக்காகவும் மாற்றியதால் வந்த வெற்றி இது. அதனை நாம் குறைத்து மதிக்கவில்லை.

ஆயினும், காக்கப்பட்டது எது? இன்று ஆண்டொன்றுக்குக் கோடியளவு மக்கள் அச்சந்தைக்கு வந்து போவதாகக் கூறப்படுகின்றது. வருவோர் மீன்காரர் மீனைத் தூக்கி எறிந்து பிடிக்கும் வேடிக்கையைப் பார்க்கின்றனர். உலகெங்கும் கிளை பரப்பிய கோப்பிக் கம்பனியொன்றின் பழைய கடைக்கு முன்னால் நீண்ட வரிசையில் நிற்கின்றனர். உயர அடுக்கிய கோபுரமாய் மினுங்கும் பழங்களைப் படமெடுக்கின்றனர். அந்தக் கோபுரக் கடைகள் மொத்த வியாபாரிகளிடம் வாங்கி விற்பவை. அவற்றின் மாம்பழமும் தோடம்பழமும் அம்மழை நாட்டில் விளைந்தவையல்ல. விளைவித்தவரே விற்கவேண்டும் என்ற விதி பொருந்துவது தாழ்ந்த மேசைகளுக்கு மட்டுமே. ‘விளைவிப்பவரைச் சந்தியுங்கள்’ என்பது சந்தையின் விருதுவாக்கியம். சந்திக்க விரும்புபவர் கோபுரத்தைக் கடந்து, குனிந்து, மேசையைத் தேடவேண்டியிருக்கின்றது. கைவினைஞருக்கு முன்னர் கமக்காரருக்கே மேசை என்று 1983ஆம் ஆண்டில் உடன்படிக்கை எழுதவேண்டி வந்தமையே நிலைமையைக் காட்டும். கட்டடத்தைக் காக்கச் சட்டம் போதும். கமக்காரரைக் காக்க வேறொன்றும் வேண்டும். அது நகருக்கு அண்மையில் நிலம்.

அச்சந்தையைப் பொம்மைக் கடை என்று தள்ளிவிடவும் நாம் துணியோம். அதன் எல்லைக்குள் வறியோருக்கு வாடகை குறைந்த வீடுகள் உண்டு, வைத்தியசாலை உண்டு, முதியோர் நிலையமும் குழந்தைகள் காப்பகமும் உண்டு. இலாபத்தை மட்டும் எண்ணும் எந்த முதலாளியும் நகரின் நடுவே, கடலைப் பார்த்த காணியில் இவற்றை வைத்திருக்கமாட்டார். பொதுவுடைமை என்பதற்குப் பொருள் இதுவே.

நாட்டின் மனச்சாட்சி மெல்லத்தான் அசைந்தது. குடியேறிய யப்பானியர் பிரசையாகலாம் என்று சட்டம் 1952ஆம் ஆண்டில் இடமளித்தது. அந்நியர் நிலச்சட்டத்தை வாஷிங்டன் மாநில வாக்காளர் 1966ஆம் ஆண்டில்தான் நீக்கினர். அடைத்து வைத்தமைக்கு 1988ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு மன்னிப்புக் கோரி, உயிரோடிருந்தவர் ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் வழங்கியது. வெள்ளை நதிப் பள்ளத்தாக்கில் அப்போது பண்டகசாலைகள் நின்றன.

சந்தையின் வாயிலில் 1999ஆம் ஆண்டில் ஒரு நினைவுச் சின்னம் வைக்கப்பட்டது. அக்கி சொகாபே என்னும் கலைஞர் ஆக்கிய ஐந்து சித்திரப் பலகைகள். ‘மண்ணின் பாடல்’ என்பது அதன் பெயர். காட்டைத் திருத்துதல், விளைவித்தல், சந்தையில் விற்றல், பின்னர் வெறிச்சோடிய இடம் என அக்கமக்காரரின் கதையை அது சொல்கின்றது. தலைக்கு மேலே உயரத்தில் இருப்பதால், மீன் எறிவதைப் பார்க்க விரைவோர் பலர் அதனைக் காணாமலே உள்ளே செல்கின்றனர்.

உள்ளே, தாழ்ந்த மேசைகளில் இப்போது மிகுந்து காணப்படுவது பூ. அதனைக் கொத்துக் கட்டி விற்கும் குடும்பங்களுட் பல மொங் இனத்தவை. 1975ஆம் ஆண்டின் பின் லாவோசிலிருந்து போருக்குத் தப்பி அகதிகளாக வந்தவை. எண்பதுகளில் அவர்களுக்குப் பயிர் செய்ய நிலமும் சந்தையில் இடமும் தேடிக் கொடுக்கும் முயற்சி அங்கு நடந்தது. இன்று அவர்களின் பிள்ளைகளும் விடியற்காலையில் வாளிகளை இறக்குகின்றனர். அவர்களுட் பலர் பயிரிடுவது இன்னமும் குத்தகை நிலத்திலே.